லைன் வண்டி ஓட்டுநரின் சம்பளம் ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது?

காலை 6 மணிக்கெல்லாம் உங்கள் தெருமுனை மளிகைக் கடை முன்னால் ஒரு குட்டி யானை வந்து நிற்கும். ஓட்டுநரே இறங்கி, பின்கதவைத் திறந்து, பன், ரஸ்க், பிரெட் எல்லாம் எடுத்து வைப்பார். நேற்று விற்காமல் கிடக்கும் பாக்கெட்டுகளை எண்ணி ரிட்டர்ன் எடுப்பார். "அண்ணாச்சி, தேங்காய் பன் புதுசா வந்திருக்கு, ஒரு ட்ரே போடட்டுமா?" என்று கேட்பார். பில் போட்டுக் காசை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குக் கிளம்பிவிடுவார். பால், தயிர், ஐஸ்கிரீம், சோடா, சிப்ஸ், தோசை மாவு, கேன் தண்ணீர் என்று எதற்கும் இப்படி ஒருவர் இருக்கிறார்.

இவர் ஓட்டுநரா, விற்பனையாளரா? இரண்டும்தான். வியாபாரத்தில் இதை 'லைன் சேல்ஸ்', 'வேன் சேல்ஸ்', 'ரெடி ஸ்டாக்' என்று பல பெயரில் சொல்கிறார்கள். முந்தின நாளே ஒருவர் ஆர்டர் எடுத்து, மறுநாள் இன்னொருவர் சரக்கு இறக்குவது வேறு முறை. இங்கே வண்டியில் இருப்பதை அங்கேயே விற்க வேண்டும். விற்றால்தான் கமிஷன்.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: "அதே கம்பெனி, அதே வண்டி, அதே சரக்கு. பக்கத்து ஊர்க்காரனுக்கு மட்டும் எப்படிங்க கூட வருது?" இந்தக் கட்டுரையில் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் இந்த வேலையில் இருந்தாலும் சரி, வீட்டில் ஒரு பிள்ளை இந்த வேலைக்குப் போக நினைத்தாலும் சரி, செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கலாம்.

சட்டம் வைக்கும் படி

முதலில் எதற்கும் கீழே போகக்கூடாத அடிமட்டம். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி மாநில அரசு தொழில் வாரியாக அரசாணை வெளியிட்டு வந்தது. ரொட்டி, பிஸ்கட் தயாரிப்புக்கு ஒன்று, கடைகள் மற்றும் வணிக நிறுவனங்களுக்கு ஒன்று என்று தனித்தனி ஆணைகள். ஆணையில் வேலைப் பெயர்களும் அவற்றுக்கான தொகையும் இருக்கும். பல ஆணைகளில் ஊர்களை மண்டலமாகப் பிரித்திருப்பார்கள். மாநகராட்சிக்கு ஒரு தொகை, சிறிய ஊர்களுக்குச் சற்றுக் குறைந்த தொகை.

மத்திய அரசின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய சட்டத்தின் கீழ் வெளியான ஆணைகள், புதியவை வரும்வரை, தொகுப்புக்கு முரண்படாத அளவில் தொடரும். குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது வேலைத் திறனையோ, நிலப்பகுதியையோ, இரண்டையுமோ கணக்கில் எடுக்கலாம் என்று தொகுப்பும் சொல்கிறது. ஆகவே ஊரைப் பொறுத்துச் சம்பளம் மாறுவது சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் சட்டம் வைக்கும் இந்தப் படி சின்னது. தமிழ்நாட்டு ஆணைகளில் தொகை இரண்டு பாகமாக வரும்: அடிப்படை ஊதியம், அகவிலைப்படி. அகவிலைப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைக்கப்பட்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாற்றப்படுகிறது. பொதுவாக மண்டலத்துக்கு மண்டலம் மாறுவது அடிப்படை ஊதியம் மட்டும்தான்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. 2021-இல் தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி ஆகியவை மாநகராட்சிகள் ஆயின. 2024-இல் திருவண்ணாமலை, நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி சேர்ந்தன. "நம்ம ஊர் நகராட்சிதானே" என்று பழைய கணக்கிலேயே சம்பளம் போய்க்கொண்டிருந்தால், உங்கள் தொழிலுக்கான ஆணையில் மண்டலத்தை எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். வண்டி கிராமங்களில் சுற்றினாலும் டிப்போ மாநகராட்சிக்குள் இருந்தால், எந்த மண்டலத் தொகை பொருந்தும் என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு விதி நேரடியாக இவர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். ஒருவர் இரண்டு வகை வேலை செய்து, இரண்டுக்கும் குறைந்தபட்ச ஊதியம் வேறு வேறாக இருந்தால், ஒவ்வொரு வேலையிலும் செலவிட்ட நேரத்துக்கு அந்தந்த வேலைக்கான தொகைக்குக் குறையாமல் தர வேண்டும். பழைய சட்டத்திலும் இது உண்டு, புதிய தொகுப்பிலும் உண்டு. ஓட்டுகிற நேரத்தையும் சேர்த்து 'சேல்ஸ்மேன்' கணக்கில் மட்டும் எழுதிச் சம்பளத்தைக் குறைப்பது இதற்குப் பொருந்தாது.

(இடையில் ஒரு சேதி. "உன்கிட்ட பேட்ஜ் இல்ல, அதனால சம்பளம் கம்மி" என்பது சில இடங்களில் சொல்லப்படும் காரணம். மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வண்டியை, எல்எம்வி உரிமம் உள்ளவர் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. குட்டி யானை அந்த எடைக்குள் அடங்கும்.)

லைன்தான் சம்பளம்

உண்மையான வித்தியாசம் ஆணையில் இல்லை, லைனில் இருக்கிறது. எந்த லைன் கிடைக்கிறதோ அதுதான் உங்கள் சம்பளம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் புரிவதற்காக நாமே வைத்துக்கொண்டவை.

ஒரே டிப்போவில் இரண்டு ஓட்டுநர்கள். இருவருக்கும் நாள் சம்பளம் 550 ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் கமிஷன். முதல் ஆளுக்கு மதுரை நகருக்குள் லைன். 60 கடை, கடைக்குச் சராசரி 300 ரூபாய் சரக்கு. விற்பனை 18,000, கமிஷன் 360. பேட்டா 100. ஆக மொத்தம் 1,010 ரூபாய்.

இரண்டாம் ஆளுக்கு உசிலம்பட்டி தாண்டிக் கிராமங்கள். 35 கடைதான். ஆனால் வண்டி தினமும் வராது என்பதால் கடைக்காரர் கொஞ்சம் கூடவே வாங்குவார், கடைக்கு 450 ரூபாய். விற்பனை 15,750, கமிஷன் 315. தூரம் என்பதால் பேட்டா 150. மொத்தம் 1,015 ரூபாய்.

பார்த்தால் கிராம லைன்காரருக்கு 5 ரூபாய் கூட. "அப்புறம் என்னப்பா குறை?" என்று முதலாளி கேட்பார். குறை நேரத்தில் இருக்கிறது. நகர லைன் 9 மணி நேரத்தில் முடிகிறது, கிராம லைனுக்கு 12 மணி நேரம் ஆகிறது. மணிக் கணக்கில் வகுத்தால் முதல் ஆளுக்கு 112 ரூபாய், இரண்டாம் ஆளுக்கு 85 ரூபாய்க்கும் கீழே. கைச்செலவையும் கழிக்கலாம். நகரத்தில் ஓட்டுபவர் மதியம் வீட்டில் சாப்பிடுகிறார், டீக்கு 30 ரூபாய் ஆகிறது. கிராமத்துக்குப் போகிறவர் இரண்டு வேளையும் வெளியே, 140 ரூபாய். மிச்சம் 980, 875. மணிக்கு 109, 73. ஒரே கம்பெனி, ஒரே கமிஷன் சதவீதம். ஆனால் ஒரு மணி நேர உழைப்பின் விலையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது.

அந்தக் கூடுதல் மூன்று மணி நேரத்துக்குத் தனிக் கணக்கும் உண்டு. வழக்கமான வேலை நாளுக்கு மேல் செய்யும் வேலைக்கு இரு மடங்குக்குக் குறையாத ஊதியம் தர வேண்டும் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பின் விதி. "கமிஷன் வாங்குறல்ல, ஓவர்டைம் எதுக்கு?" என்பது பதில் ஆகாது. கமிஷன் விற்பனைக்கானது, ஓவர்டைம் நேரத்துக்கானது.

எனவே வேலைக்குச் சேரும்போது சதவீதம் எவ்வளவு என்று கேட்பது போதாது. எத்தனை கடை, ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் எவ்வளவு தூரம், வண்டி டிப்போவுக்குத் திரும்ப எத்தனை மணி ஆகும், லைனை யார், எப்போது மாற்றலாம் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் உழைத்து ஒரு லைனை நல்ல லைனாக்கிய பிறகு அதை இரண்டாக வெட்டி, பாதியைப் புது ஆளுக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் சகஜம். டார்கெட் மட்டும் பழையபடியே இருக்கும்!

மலை, திருவிழா, சாரல்

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சி–வால்பாறை சாலையில் 40. இந்த லைன்களில் டீசல் அதிகம் குடிக்கும், பிரேக் தேயும், பாதி லோடு ஏற்றினாலே போதும் என்று ஆகிவிடும். லோடு குறைந்தால் விற்பனையும் குறையும், கமிஷனும் குறையும். கம்பெனி வண்டி என்றால் டீசல் உங்கள் தலைவலி இல்லை. சொந்த வண்டியை வாடகைக்கு விட்டு ஓட்டுபவர்களுக்கு இதுதான் முதல் கணக்கு. 'கிலோமீட்டருக்கு இவ்வளவு' என்று சமவெளிக்குப் பேசிய விலையில் மலைக்கு ஓட்டினால், தவணையும் இன்சூரன்சும் எஃப்சியும் போக மிஞ்சுவது பெயருக்குத்தான். மலை லைனுக்குத் தனி விலை பேச வேண்டும்.

சில லைன்களில் சில மாதம் மட்டும் நல்ல வியாபாரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் இருந்தால் தென்காசி லைனில் சிப்ஸ், பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஓடும். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. ஐஸ்கிரீம், கூல்டிரிங்ஸ் லைனுக்கு எங்குமே ஏப்ரலும் மே மாதமும்தான் அறுவடை, நவம்பர் மழையில் கமிஷன் படுத்துவிடும். ஆகவே மே மாதச் சம்பளத்தைக் காட்டி "மாசம் இவ்வளவு வரும்" என்று யாராவது சொன்னால், போன நவம்பரில் அதே லைனில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள்.

சென்னை போன்ற ஊரில் கடைகள் நெருக்கமாக இருக்கும், ஆனால் வண்டி நிறுத்த இடம் இருக்காது. சில சாலைகளில் சரக்கு வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. அபராதச் சலான் வந்தால் யார் கட்டுவது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கூடவே வாடகையையும் பாருங்கள். பெருநகரத்தில் 4,000 ரூபாய் கூடக் கிடைத்து, வீட்டு வாடகைக்கு 5,000 ரூபாய் கூடப் போனால் அது உயர்வே இல்லை.

பாக்கி யார் தலையில்?

இந்த வேலையில் அதிகம் பேரைக் கடனாளி ஆக்குவது இதுதான். அதுவும் ஊரைப் பொறுத்தே மாறுகிறது. நகரத்துப் பெரிய கடைகளில் ஸ்கேன் செய்து உடனே பணம் வந்துவிடும். சின்ன ஊர்களில் "அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கப்பா" என்பது வியாபாரத்தின் ஒரு பகுதி. பாக்கி தராவிட்டால் அந்தக் கடை போட்டிக் கம்பெனி வண்டிக்குப் போய்விடும். பாக்கி கொடுத்தால் அது ஓட்டுநர் பெயரில் ஏறும். மாதக் கடைசியில் கடைக்காரர் கையை விரித்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். உடைந்தது, நசுங்கியது, எக்ஸ்பயரி ஆனது எல்லாம் அதே கணக்கில் சேரும். மேடு பள்ளமான சாலையில் 120 கிலோமீட்டர் போகிற பிரெட்டும் ஊருக்குள் 35 கிலோமீட்டர் சுற்றுகிற பிரெட்டும் ஒன்றா?

இதற்குச் சட்டம் எல்லை போட்டிருக்கிறது. ஒப்படைத்த சரக்குக்கோ, கணக்குக் காட்ட வேண்டிய பணத்துக்கோ இழப்பு ஏற்பட்டால், அது ஊழியரின் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக ஏற்பட்டது என்றால் மட்டுமே பிடிக்கலாம். பிடிக்கும் முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். இழப்பைவிடக் கூடுதலாகப் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாத ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கம்பெனி அனுமதித்த கடனைக் கடைக்காரர் கட்டவில்லை என்பது, அது மட்டுமே, ஓட்டுநரின் தவறு ஆகிவிடாது. ஆனால் கம்பெனி அனுமதித்ததற்கு உங்களிடம் ஆதாரம் வேண்டும். "போடு, நான் பார்த்துக்கறேன்" என்று சூப்பர்வைசர் போனில் சொன்னால், உடனே வாட்ஸ்அப்பில் "நீங்கள் சொன்னபடி இந்தக் கடைக்கு இத்தனை ரூபாய் பாக்கி வைத்திருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். இது சண்டைக்கு இல்லை, கணக்குக்கு.

கடைக்காரர் அனுப்பும் பணத்தை உங்கள் சொந்த ஜிபே எண்ணில் வாங்காதீர்கள். அவசரத்துக்கு என்று ஆரம்பித்து, கம்பெனிப் பணமும் வீட்டுப் பணமும் கலந்துவிட்டால் பிறகு நிரூபிப்பது கஷ்டம். கம்பெனி கியூஆர் அட்டையை வண்டியில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கமிஷன் கூட, பிஎஃப் குறைவு

நல்ல லைன் கிடைத்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. சட்டம் சொல்லும் 'ஊதியம்' என்பதில் அடிப்படையும் அகவிலைப்படியும் வரும், கமிஷன் வராது. அதனால் கையில் வரும் பணம் அதிகமாக இருந்தும் பிஎஃப், பணிக்கொடை எல்லாம் சின்னத் தொகையில் கணக்கிடப்படும். புதிய தொகுப்பு இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. கமிஷன் முதலிய விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தில் சேர்க்கப்படும்.

உதாரணமாக மாதம் மொத்தம் 30,000 ரூபாய். அதில் அடிப்படையும் அகவிலைப்படியும் 13,500, கமிஷனும் மற்றவையும் 16,500. பாதி என்பது 15,000. தாண்டிய 1,500 ரூபாய் ஊதியத்தோடு சேர்ந்து 15,000 ஆகிறது. 12 சதவீத பிஎஃப் 1,620-இல் இருந்து 1,800 ஆக வேண்டும். உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால் மாதாமாதம் எந்தத் தொகைக்குக் கட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வெளியூர்க் கணக்கு ஒன்று

அமெரிக்காவில் இந்த வேலையைத் தனித் தொழிலாகவே எண்ணுகிறார்கள். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பு 'ஓட்டுநர் – விற்பனைப் பணியாளர்' என்று ஒரு தலைப்பு வைத்து, மாநிலம், பெருநகரம், கிராமப்புறப் பகுதி என்று பிரித்து ஊதியத்தை வெளியிடுகிறது. உணவகத்தில் இருந்து பீட்சா கொண்டுபோகிறவரும் இதில் அடக்கம். அங்கே சட்டப்படியே இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம். நாடு முழுமைக்குமான குறைந்தபட்சம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர், டெக்சாஸில் இன்றும் அதுதான். வாஷிங்டன் மாநிலத்தில் 2025-இல் 16.66 டாலர். டிப்ஸ் கிடைக்கும் வேலை என்றால், முதலாளி தன் கையில் இருந்து 2.13 டாலர் மட்டும் கொடுத்து, மீதியை டிப்ஸில் ஈடுகட்டிக்கொள்ளப் பல மாநிலங்கள் விடுகின்றன. கலிபோர்னியா, வாஷிங்டன் உள்ளிட்ட சில மாநிலங்கள் விடுவதில்லை.

அவர்கள் வெளியிடும் அட்டவணையைப் படிக்கும் முறை நமக்கும் உதவும். ஒரு டிப்போவில் ஐந்து பேர் மாதம் 18,000, 19,000, 20,000, 21,000, 47,000 வாங்குகிறார்கள் என்று வைப்போம். சராசரி 25,000. ஆனால் ஐந்து பேரில் நான்கு பேர் அதைத் தொடவே இல்லை. வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது 20,000. வேலை விளம்பரத்தில் 'சராசரி வருமானம் 25,000' என்று பார்த்தால், நடு ஆள் எவ்வளவு வாங்குகிறார் என்று டிப்போ வாசலில் நிற்பவர்களிடம் விசாரியுங்கள்.

செல்போனில் செய்ய வேண்டியது

தொழிலாளர் துறையின் labour.tn.gov.in தளத்தில் குறைந்தபட்ச ஊதிய விவரங்களைப் பார்க்கலாம். உங்கள் நிறுவனம் எந்தத் தொழிலில் வருகிறது, உங்கள் ஊர் எந்த மண்டலம், ஓட்டுநருக்கு எவ்வளவு, விற்பனையாளருக்கு எவ்வளவு என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் பிறந்தால் மறுபடி பாருங்கள்.

தினமும் டிப்போவில் கிளம்பும்போதும் திரும்பும்போதும் கிலோமீட்டர் மீட்டரை ஒரு போட்டோ எடுங்கள். நேரம், தூரம் இரண்டும் அதில் பதிவாகிவிடும். லோடு ஷீட், ரிட்டர்ன் ஷீட் இரண்டையும் அன்றன்றே போட்டோ எடுத்து வைத்தால் ஒரு மாதத்தில் உங்கள் லைனின் உண்மையான மணிக் கணக்கு உங்கள் கையில் இருக்கும். சம்பளச் சீட்டு கேட்டு வாங்குங்கள், அதைத் தருவது முதலாளியின் கடமை.

சொந்த வண்டியில் ஓட்டுபவர்கள், பிஎஃப் இல்லாதவர்கள் tnuwwb.tn.gov.in தளத்தில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான நல வாரியத்தில் பதிவு செய்யலாம், வயது 18 முதல் 60 வரை. செயலி வழியாக டெலிவரி செய்பவர்களுக்கு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர் நல வாரியம் தனியாக இருக்கிறது. இ-ஷ்ரம் பதிவு பற்றிய சந்தேகங்களுக்கு 14434 என்ற எண்ணில் கேட்கலாம்.

குறைவாகத் தருகிறார்கள் அல்லது தவறாகப் பிடிக்கிறார்கள் என்றால், உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் புகார் பதியலாம். தொகுப்பின்படி கோரிக்கை வைக்க மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, ஊதியம் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும். 'லைன் பாக்கி வசூலாகட்டும், பிறகு தருகிறோம்' என்று அதை நிறுத்தி வைத்தால், மனுவோடு அந்த மீட்டர் போட்டோக்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் தேதி வாரியாக அச்செடுத்து இணைத்துக் கொடுங்கள். மனு பெற்றதற்கான ரசீதை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.